துடைப்பம் யார் கையில்? செட்டிநாட்டு வீடும் சுத்தத்தின் சாதி வரலாறும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் பெரிய பொருளாகப் பார்த்து எடுத்துப் பேசுவது வழக்கம். நிலம், இட ஒதுக்கீடு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், தலித் அழகியல் என்று பேச எவ்வளவோ இருக்கிறது. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் வீட்டின் மூலையில் கிடப்பது. விளக்குமாறு, வாளி, பினாயில், ஆசிட் புட்டி, பழைய துணி. ஒரு வீட்டைச் சுத்தமாக வைத்திருக்க என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று கேட்டால் மளிகைக்கடைக்காரர் ஒரு பட்டியல் சொல்வார். அந்தப் பட்டியலை எழுதுவது யார், அந்தப் பொருள்கள் யார் கையில் போய்ச் சேர்கின்றன, எந்த வீடுகளில் எந்தப் பொருளை வைத்துக்கொள்ள ஒரு காலத்தில் தடை இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். மளிகைப் பட்டியல் சாதியின் வரலாறாக விரியும். நம் மண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

1. தெருவுக்குத் தெரு நீளும் வீடு

நேமத்தான்பட்டி, காரைக்குடியைச் சுற்றியுள்ள நகரத்தார் ஊர்களில் ஒன்று. 1985இல் தனி மாவட்டம் பிரிக்கப்படும் வரை காரைக்குடிப் பகுதி இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 1930கள் வரை பர்மா, மலேயா, இலங்கையில் நடந்த கொடுக்கல் வாங்கலில் வந்த பணம் இந்த ஊர்களில் வீடாக எழுந்தது. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல் என்று உலகமே வந்து சேர்ந்த வீடுகள் அவை. யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. இன்று அவற்றில் சில வீடுகள் விடுதிகளாகிவிட்டன. வெளிநாட்டுப் பயணிகள் வந்து தூண்களைப் படம் எடுக்கிறார்கள்.

நாம் அந்த வீட்டை வேறு கண்ணால் பார்ப்போம். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, தோட்டம் என்று நீளும் அந்த வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முன்வாசல் விருந்தினருக்கு, பின்வாசல் வேலைக்கு. சுவர்ப் பூச்சைப் பற்றிக் கட்டடக் கலைஞர்கள் வியந்து எழுதுகிறார்கள். சுண்ணாம்பை நன்றாக அரைத்து, கடுக்காய்ச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, பல பூச்சாகப் பூசித் தேய்த்த சுவர் அது. ஆண்டுதோறும் வெள்ளையடிக்க வேண்டியதில்லை, ஈரத்துணியால் துடைத்தால் போதும், கண்ணாடியாக மின்னும் என்பார்கள். ஆத்தங்குடிக் கல்லும் அப்படித்தான், துடைக்கத் துடைக்கத்தான் மெருகு ஏறும்.

“துடைத்தால் போதும்” என்ற வாக்கியத்தில் எழுவாய் இல்லை. யார் துடைத்தால்? அத்தனை தூணையும் அத்தனை கதவையும் அத்தனை கட்டுகளையும் நாள் தவறாமல் பெருக்கித் துடைத்த கைகளின் உழைப்பு அந்த மெருகில் இருக்கிறது. மரபுச் சின்னம் என்று பேசும்போது தேக்கு எந்தக் கப்பலில் வந்தது என்று சொல்கிறார்கள். தரை யார் கையால் மின்னியது என்பதையும் அந்த வரலாற்றில் எழுத வேண்டும்.

2. பழைய சாமான்களும் சாதிப் படிநிலையும்

சோப்பும் பினாயிலும் வருவதற்கு முன்னால் நம் வீடுகளில் என்ன இருந்தது? பித்தளைக்குப் புளி, எண்ணெய்ப் பிசுக்குக்கு அடுப்புச் சாம்பல், கரிப்பாத்திரத்துக்குச் செங்கல்பொடி, தேய்க்கத் தேங்காய் நார், தலைக்குச் சீயக்காயும் அரப்பும், துணிக்கு உவர்மண்ணும் பூந்திக்கொட்டையும், மண்தரைக்குச் சாணம், முற்றத்துக்கு ஈர்க்குமாறு, உள்ளே பூந்துடைப்பம். இவற்றில் அறிவியல் இருக்கிறது. புளியின் அமிலம் பித்தளையின் களிம்பைக் கரைக்கும். சாம்பலின் காரம் எண்ணெயோடு சேர்ந்து அதைத் தண்ணீரில் போகவைக்கும். பூந்திக்கொட்டை சோப்பைப் போலவே நுரைத்து அழுக்கை இழுக்கும். இந்த அறிவு ஏட்டில் எழுதப்படவில்லை. உழைக்கும் பெண்களின் கைவழியாக வந்த வேதியியல் இது.

ஆனால் இந்தப் பொருள்கள் எல்லாக் கைகளுக்கும் ஒன்றாக இருக்கவில்லை. பூசையறைப் பாத்திரத்தைத் தொடும் கை வேறு, அடுப்படிப் பாத்திரம் துலக்கும் கை வேறு, துணி வெளுக்கும் கை வேறு. மாட்டுக்கொட்டில் சாணியை அள்ளும் கை வேறு, மலம் அள்ளும் கை வேறு. பூசையறைத் துடைப்பம் முற்றத்துக்கு வராது, முற்றத்து விளக்குமாறு அடுப்படிக்குள் போகாது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்பவர்களையே பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்குவது என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். அந்த அடுக்கை நேரில் பார்க்க வேண்டுமானால் ஒரு பழைய பெரிய வீட்டின் துடைப்பங்களை வரிசையாக நிறுத்தினால் போதும். எந்தத் துடைப்பம் எந்தக் கட்டு வரை வரலாம் என்பதுதான் அதைப் பிடித்தவர் எந்தக் கட்டு வரை வரலாம் என்பதும்.

“விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சமா?” என்று ஒரு பழமொழியைச் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். துடைப்பத்துக்கு அலங்காரம் ஆகாது என்பது அதன் மேல்பொருள். துடைப்பம் பிடிப்பவருக்கு அலங்காரம் ஆகாது என்று ஒரு மாவட்டமே சட்டம் போட்ட காலம் இருந்தது. அது சங்ககாலம் அல்ல, நம் பாட்டன் பூட்டன் காலம்.

3. மண்பானைச் சட்டம்: இராமநாதபுரம், 1930-31

1930 டிசம்பரில், காரைக்குடி அன்று அடங்கியிருந்த இராமநாதபுரம் மாவட்டத்தில், கள்ளர் தலைவர்கள் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடியைக் கிராப் வெட்டக்கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக்கூடாது, பூ வைக்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. இவற்றோடு நம் பொருளுக்கு நேராக வரும் ஒரு தடையும் இருந்தது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் எதுவும் வைத்துக்கொள்ளக்கூடாது.

தடையை மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, கால்நடைகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் மறுபடியும் கூட்டம் போட்டுப் பதினோரு தடைகள் விதித்தார்கள். இம்முறை தேவேந்திரகுல வேளாளரின் பெயரும் சேர்ந்தது. பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்பு, பித்தளைக் குடம் கூடாது. தலையில் சும்மாடாக வைக்கோலைத்தான் வைக்க வேண்டும், துணி வைக்கக்கூடாது. பிள்ளைகள் படிக்கக்கூடாது, மிராசுதாரர் மாட்டைத்தான் மேய்க்க வேண்டும். காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை செய்ய வேண்டும், கூலி ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. இப்படிப் போகிறது அந்தப் பட்டியல்.

மாணவத் தோழர்களே, இந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். படிப்புக்கும் நிலத்துக்கும் கூலிக்கும் போட்ட தடைக்குப் பக்கத்திலேயே குடத்துக்கும் சும்மாட்டுத் துணிக்கும் தடை இருக்கிறது. குடம் சின்ன விஷயம் என்று நாம் நினைக்கலாம். ஆதிக்கம் செய்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. ஒரு வீட்டில் என்ன பாத்திரம் இருக்கலாம் என்று முடிவு செய்யும் உரிமைதான் அந்த வீட்டாரை ஆளும் உரிமை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பித்தளைக்குடம் தலைமுறைக்கும் நிற்கும், அடகு வைக்கலாம், மகளுக்குக் கொடுக்கலாம், புளி போட்டுத் தேய்த்தால் புதிதாக மின்னும். மண்குடம் உடையும், பாசி பிடிக்கும். மின்னும் பொருள் எதுவும் சேரிக்குள் இருக்கக்கூடாது என்பதுதான் அந்தத் தடையின் உட்பொருள்.

அதே காலத்தில், அதே வட்டாரத்தில், நகரத்தார் வீட்டுத் திருமணங்களில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைப் பரப்பி வைப்பார்கள். பித்தளை, வெண்கலம், வெள்ளி, எனாமல் என்று அறை நிறையும். அவற்றில் பல பிற்காலத்தில் விலைக்கு வந்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இன்றும் அந்தப் பாத்திரங்களைப் பார்க்கலாம். 1931இன் தடைகளை விதித்தவர்கள் நகரத்தார் அல்லர், அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு வீட்டில் அறை நிறையப் பித்தளை அடுக்கியிருக்க, சற்றுத் தள்ளியிருந்த சேரியில் ஒரு பித்தளைக் குடம் குற்றமாக இருந்தது என்பது அந்த மண்ணின் சேர்ந்த வரலாறு. அந்தக் கடைகளில் ஒரு குடத்தைக் கையில் எடுக்கும் நம் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இது இராமநாதபுரத்தோடு நின்ற கதையும் அல்ல. 1935 நவம்பரில் குஜராத்தின் அகமதாபாத் மாவட்டத்தில் ஜானு என்னும் ஊரில், உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்ததற்காகத் தீண்டப்படாத பெண்கள் தாக்கப்பட்டதை அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ உரையில் எடுத்துக்காட்டுகிறார். 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்து நீரை அவரும் தோழர்களும் அருந்திய பிறகு, ஆதிக்க சாதியினர் 108 பானைகளில் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து ஊற்றிக் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். மாட்டின் கழிவு சுத்தம் செய்யும் பொருள், மனிதனின் கை அசுத்தம். சாதியச் சமூகத்தில் சுத்தம் என்ற சொல்லுக்கு அழுக்கோடு தொடர்பு இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

4. தண்ணீரைப் பறித்துவிட்டு அழுக்கு என்று சொல்வது

செட்டிநாடு மழை குறைந்த பூமி. வற்றாத ஆறு கிடையாது, ஊருணிதான் உயிர். குடிநீர் ஊருணியில் இறங்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கவில்லை. 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தால், பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்கட்டடம் எல்லோருக்கும் திறந்தவை என்று அரசு அறிவித்தது. அறிவிப்பு காகிதத்தில் வந்தது. ஊருணிப் படிக்கட்டுக்கு அது வந்து சேர அதற்குப் பிறகும் பல போராட்டங்கள் தேவைப்பட்டன. ஆறே ஆண்டுகளில் இராமநாதபுரத்தில் மண்குடச் சட்டம் போட்டார்கள் என்பதே இதற்குச் சாட்சி.

இங்கே ஒரு சூழ்ச்சியைக் கவனிக்க வேண்டும். முதலில் தண்ணீரை மறுக்கிறார்கள். பிறகு மேல்துணியை மறுக்கிறார்கள், செருப்பை மறுக்கிறார்கள், நல்ல பாத்திரத்தை மறுக்கிறார்கள். நாளுக்குப் பதினோரு மணிநேரம் மண்ணிலும் சாணத்திலும் வேலை வாங்குகிறார்கள். கடைசியில் “அவர்கள் சுத்தமாக இருப்பதில்லை, அதனால்தான் தள்ளி வைக்கிறோம்” என்கிறார்கள். செயற்கையாக உண்டாக்கிய விளைவையே காரணமாகக் காட்டும் தந்திரம் இது. இன்றும் வாடகை வீடு கேட்டுப் போகும்போது “நீங்க சுத்தபத்தமா இருப்பீங்களா?” என்று ஒரு கேள்வி வருகிறது. அந்தக் கேள்வி சோப்பைப் பற்றியது அல்ல என்று கேட்பவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

சுத்தம் செய்பவரைக் கண்ணில் படாமல் வைப்பது இந்தச் சூழ்ச்சியின் அடுத்த படி. 1932 டிசம்பர் 24 தேதியிட்ட ‘இந்து’ நாளிதழில் திருநெல்வேலிச் சீமையின் புதிரை வண்ணார் பற்றி ஒரு செய்தி வந்தது. தீண்டப்படாதோரின் துணியை வெளுக்கும் அவர்கள் பகலில் வெளியே வரக்கூடாது, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் வேலை. தீண்டாமையோடு காணாமையும் இருந்தது. அவர்கள் வெளுத்த துணி பகலில் ஊரில் நடமாடலாம், வெளுத்தவர் நடமாடக்கூடாது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவல் 1994இல் வந்தபோது, அந்தச் சமூகத்தின் வாழ்வு தமிழ் இலக்கியத்துக்குள் கதவை இடித்துக்கொண்டு நுழைந்தது. நமக்குள்ளும் அடுக்கு இருக்கிறது என்ற உண்மையை அந்த நாவலையொட்டி எழுந்த விவாதங்கள் நம் முன் வைத்தன. புதிரை வண்ணாருக்கென நலவாரியம் 2009இல்தான் அமைந்தது.

பேஷ்வாக்கள் ஆண்ட பூனாவில் தீண்டப்படாதவர் தன் காலடித் தூசியைத் தானே பெருக்கிக்கொண்டு போக இடுப்பில் துடைப்பம் கட்டியிருக்க வேண்டும் என்ற விதியை அம்பேத்கர் நினைவூட்டுகிறார். அங்கே துடைப்பம் அழுக்கை நீக்கும் கருவி அல்ல. ஒரு மனிதனின் சுவட்டையே நீக்கும் கருவி.

5. கக்கூஸ் என்ற சொல்லும் ஒரு சட்டத்தின் பயணமும்

கக்கூஸ் தமிழ்ச்சொல் அல்ல, டச்சு மொழியிலிருந்து வந்தது. எடுப்புக் கக்கூஸ் நகரங்களில் பெருகியபோது, அதை எடுக்கும் கைகளைச் சாதியிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். நகராட்சிகள் நவீன நிறுவனங்கள்தாம். சம்பளப் பட்டியல், வருகைப் பதிவேடு, வாளி, கூடை, தகரம் எல்லாம் நவீனமாக வந்தன. வேலைக்கு எடுத்தது மட்டும் பழைய முறைப்படி நடந்தது. தமிழகத்தில் அருந்ததியர் மீது இந்தச் சுமை அதிகமாக விழுந்தது. சென்னையில் எல்.சி. குருசாமி போன்றவர்கள் அருந்ததியர் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளிகள் நடத்தியது, அந்தக் கூடை அடுத்த தலைமுறையின் தலைக்கு மாறக்கூடாது என்பதற்காகத்தான்.

காந்தி 1901இல் கல்கத்தா காங்கிரசில் தாமே துடைப்பம் எடுத்துக் கழிப்பிடத்தைச் சுத்தம் செய்தார். பின்னாளில் இந்த வேலையை உயர்ந்த சேவை என்று எழுதினார். அம்பேத்கரின் பதில் கூர்மையானது. இந்தியாவில் ஒருவர் தோட்டியாவது வேலையால் அல்ல, பிறப்பால். வேறு யாருக்கும் வேண்டாத வேலையைப் புனிதம் என்று புகழ்ந்து அதே மக்களிடமே விட்டுவைப்பது கொடுமையான கேலி என்றார் அவர். இன்றும் கையில் துடைப்பத்தோடு படம் எடுத்துக்கொள்ளும் பெரிய மனிதர்களைப் பார்க்கிறோம். படம் எடுத்த பிறகு அந்தத் துடைப்பம் யாரிடம் திரும்பிப் போகிறது என்று பார்த்தால் அம்பேத்கர் சொன்னது விளங்கும்.

தீண்டாமையின் பேரால் ஒருவரைப் பெருக்கவோ மலம் அள்ளவோ கட்டாயப்படுத்துவது, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஏ பிரிவின்படி குற்றம். உலர் கழிப்பிடங்களைத் தடைசெய்யும் சட்டம் 1993இல் வந்தது. ஆனால் 2011 கணக்கெடுப்பில், மனிதர்கள் மலம் அள்ளும் கழிப்பிடங்கள் நாட்டில் 7.94 லட்சம் இருந்தன. 2013இல் இன்னொரு சட்டம். 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்திருக்கிறது, சாவு நிற்கவில்லை. காரணம் தொழில்நுட்பத்திலும் இருக்கிறது. தண்ணீர் ஊற்றும் கழிப்பறை வந்ததும் வீட்டுக்குள் அழுக்கு மறைந்தது. ஆனால் மறைந்த அழுக்கு தொட்டியில் தேங்குகிறது, அங்கே ஹைட்ரஜன் சல்பைடு உருவாகிறது. அந்த வாயுவின் செறிவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர் மயங்கி விழுகிறார், காப்பாற்ற இறங்குபவரும் விழுகிறார். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம் 2017இல் இந்தச் சாவுகளை நம் முகத்துக்கு நேரே கொண்டுவந்து வைத்தது.

துப்புரவுப் பணியாளர் என்ற பெயரை 2020இல் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். மரியாதையான பெயர், வரவேற்போம். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் அதே தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், தனியார்மயத்துக்கு எதிராகப் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். பெயரில் வந்த தூய்மை நடத்தையில் வரவில்லை.

6. கடை அலமாரி

இப்போது கடைக்கு வருவோம். 1888இல் கல்கத்தாத் துறைமுகத்தில் சன்லைட் சோப்புப் பெட்டிகள் வந்து இறங்கின. 1895இல் லைஃப்பாய் வந்தது. 1959இல் சர்ப், 1969இல் அகமதாபாத்தில் நிர்மா. விலை மலிந்த சலவைத்தூள் சேரிக்கும் வந்து சேர்ந்தது. சபீனா வந்ததும் சாம்பலும் செங்கல்பொடியும் மெல்ல ஒதுங்கின. இதைச் சந்தையின் கதை என்று மட்டும் பார்க்கக்கூடாது. ஒரு பாக்கெட் சோப்புத்தூளுக்குச் சாதி தெரியாது. வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கும் கல்லூரிக்கும் போன முதல் தலைமுறைக்கு அந்த நுரை சாதாரணமானதாக இருக்கவில்லை. சட்டையே கூடாது என்று சொன்ன மாவட்டத்தில் அது ஒரு பதில்.

ஆனால் அலமாரியின் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வெளுப்புத்தூளுக்கு 1799இல் கிளாஸ்கோவில் சார்லஸ் டென்னன்ட் காப்புரிமை பெற்றார். உப்புக்கரைசலில் மின்சாரம் செலுத்திக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் முறை பிறகு வளர்ந்தது. 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் துறை அதுதான். நம் ஊருக்குப் பக்கத்திலேயே இந்த அறிவியல் இருக்கிறது. நம் ஊர்க் கழிப்பறையில் வேலை செய்யும் பெண்ணுக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை. கழிப்பறை ஆசிடையும் வெளுப்புத்தூளையும் ஒன்றாக ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும், முதல் உலகப் போரில் படைவீரர்களைக் கொன்ற அதே வாயு. சன்னல் இல்லாத சின்னக் கழிப்பறையில், “இன்னும் கொஞ்சம் ஊத்தி நல்லாத் தேய்” என்று வெளியே நின்று சொல்பவருக்கு அது தெரியாது. உள்ளே இருப்பவருக்கு இருமலும் கண்ணெரிச்சலுமாகத் தெரியும். காஸ்டிக் கலந்த தூள் விரலிடுக்கைப் புண்ணாக்கும். வீட்டுக்கு வாங்கும் சுத்தப் பொருள்களின் பட்டியலில் கையுறை கடைசியில் கூட வருவதில்லை. பொருளுக்குப் பணம் கொடுப்பவர் தன் கையை நினைத்துப் பட்டியல் போடவில்லை, ஏனென்றால் அது அவர் கை அல்ல.

தமிழ்நாட்டில் வீட்டுவேலைத் தொழிலாளர் நலவாரியம் 2007இல் அமைந்தது. வீட்டுவேலையும் வேலைதான் என்று சொல்லும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் நிறைவேறியபோது இந்தியா ஆதரவாக வாக்களித்தது. இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை. வாக்கு உலகத்துக்கு, வீடு பழையபடி.

உலகின் மற்ற இடங்களில் இந்த வேலையைச் செய்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1881இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் கறுப்பினச் சலவைப் பெண்கள் சங்கம் அமைத்து, சலவைக்கு ஒரே கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். இருபது பேராகத் தொடங்கியவர்கள் சில வாரங்களில் மூவாயிரம் பேரானார்கள். அடிமைத்தனம் ஒழிந்து பதினாறே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1968 பிப்ரவரி 1 அன்று மெம்பிசில் இரண்டு கறுப்பினத் தூய்மைப் பணியாளர்கள் குப்பை லாரியின் இயந்திரத்தில் நசுங்கி இறந்தார்கள். சுமார் 1,300 பேர் வேலையை நிறுத்தி, “நான் மனிதன்” என்ற பதாகையோடு தெருவில் நடந்தார்கள். அந்தப் போராட்டத்துக்கு ஆதரவாக வந்த இடத்தில்தான் மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். இங்கே பெசவாடா வில்சனும் சபாய் கர்மசாரி ஆந்தோலன் தோழர்களும் ஊர் ஊராகப் போனபோது, வட இந்தியப் பெண்கள் மலக்கூடைகளைக் கொண்டுவந்து தெருவில் போட்டு எரித்தார்கள். எந்தப் பொருள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது எவ்வளவு முக்கியமோ, எந்தப் பொருள் எரிய வேண்டும் என்பதும் அவ்வளவு முக்கியம்.

7. அப்படியானால் எதை வாங்கி வைப்பது?

பேசிவிட்டுக் கலைந்துபோவது நம் வேலை அல்ல. இந்த உரையைக் கேட்ட, படித்த ஒவ்வொருவரும் தம் வீட்டில், விடுதியில், அலுவலகத்தில், சங்கக் கட்டடத்தில் செய்யக்கூடியதைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, பட்டியலைத் திருப்பி எழுதுங்கள். வேலை செய்பவரின் உடம்பிலிருந்து தொடங்குங்கள். முதலில் ரப்பர் கையுறை, அதுவும் அவர் கை அளவுக்கு. அடுத்து முகக்கவசம், வழுக்காத செருப்பு. குனியாமல் பெருக்க நீளக் கைப்பிடித் துடைப்பமும் மாப்பும். கழிப்பறைக்கு நீளமான பிரஷ். கை கழுவ நல்ல சோப்பும் துடைக்க ஒரு துண்டும், வீட்டார் பயன்படுத்தும் அதே சோப்பு, அதே தரத்துத் துண்டு. இதற்குப் பிறகுதான் தூளும் திரவமும். ஆசிடைக் கூடியவரை வாங்காதீர்கள். வாங்கினால் வெளுப்புத்தூளோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். புட்டியில் என்ன இருக்கிறது என்பதைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள், படிக்கத் தெரியாதவரிடம் வாயால் சொல்லுங்கள்.

இரண்டாவது, உங்கள் கழிப்பறையை நீங்களே கழுவுங்கள். ஆண்களைத்தான் முதலில் சொல்கிறேன். சாதி ஒழிப்பு பேசும் தோழர் வீட்டிலும் கழிப்பறை பிரஷ் மனைவி கையிலோ வேலைக்கார அம்மா கையிலோதான் இருக்கிறது என்றால், நம் மேடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இன்னொரு கட்டு இருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, பள்ளிகளையும் விடுதிகளையும் கண்காணியுங்கள். 2022இல் ஈரோடு மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பட்டியல் சாதி மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்த புகாரில் தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். எல்லாப் பிள்ளைகளும் முறைவைத்து வகுப்பைப் பெருக்குவது கல்வி. பிறப்பைப் பார்த்து ஒரு பிள்ளையின் கையில் துடைப்பத்தைக் கொடுப்பது வன்கொடுமை. மாணவத் தோழர்கள் தங்கள் விடுதியில் ஒரு கணக்கெடுப்பு நடத்த ஒரு நாள் போதும். கழிப்பறையைக் கழுவுவது யார், அவருக்கு என்ன பொருள் தரப்படுகிறது, மாதச் சம்பளம் எவ்வளவு, கடைசியாகக் கையுறை கொடுத்தது எப்போது? இந்த நான்கு கேள்விக்கும் பதிலை எழுதி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் போட்டால், அது எந்த ஆய்வேட்டுக்கும் குறைந்ததல்ல.

நான்காவது, தொட்டியில் ஆள் இறக்காதீர்கள். உங்கள் வீட்டுத் தொட்டி நிறைந்தால் இயந்திர வண்டியைக் கூப்பிடுங்கள். “கொஞ்சம்தான், ஒரு ஆள் இறங்கினாப் போதும்” என்று சொல்லும் ஒப்பந்தக்காரரை வாசலிலேயே நிறுத்துங்கள். 2013 சட்டப்படி உரிய பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது குற்றம்.

இராமநாதபுரத்தில் நம் முன்னோர் வீட்டில் எதை வைத்துக்கொள்ளக்கூடாது என்று பட்டியல் போட்டார்கள். குடிசை எரிந்தபோதும், அந்தப் பட்டியலுக்குப் பணியாதவர்கள் இருந்தார்கள். அவர்கள் பணிந்திருந்தால் இரண்டாவது பட்டியல் தேவைப்பட்டிருக்காது. எட்டு பதினொன்றானதே அந்த மக்கள் பித்தளைக் குடத்தைக் கீழே வைக்கவில்லை என்பதற்குச் சான்று. பெயர் எழுதி வைக்கப்படாத அந்தப் பெண்களுக்கும், எந்தத் தோழரின் நினைவாக நாம் இங்கே கூடியிருக்கிறோமோ அவருக்கும் நாம் செலுத்த வேண்டிய அஞ்சலி ஒன்று இருக்கிறது. சுத்தம் என்ற சொல்லைச் சாதியிடமிருந்து பிடுங்கி, தண்ணீருக்கும் சோப்புக்கும் நியாயமான கூலிக்கும் உரியதாக ஆக்க வேண்டும். அந்த வேலையை இன்றைக்கே நம் வீட்டுப் பின்கட்டிலிருந்து தொடங்குவோம்.

ஜெய்பீம்.